புழுதியில் பறக்கும் பைக்கைப் படம் பிடிக்கலாம். கம்ப்யூட்டரில் பாடம் படிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நாம் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, கேமராவிலும் மொபைல் போனிலும் உள்ள படங்களை அதற்கு மாற்றிப் பெரிய திரையில் பார்ப்பது. கல்யாண வீட்டுப் படங்களும் கோயில் படங்களும் நன்றாகவே இருக்கும். ஓடுகிற குழந்தை, பாய்கிற பந்து, பறக்கிற பைக் ஆகியவைதான் கலங்கித் தெரியும். "கேமரா சரியில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் படம் ஏன் கலங்கியது என்ற விபரம் அதே பைலுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் படிக்கத் தெரிந்தால், அடுத்த முறை நல்ல படம் எடுக்கலாம்.

இதற்கு மோட்டோகிராஸ் பைக்குகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மோட்டோகிராஸ் என்பது மேடும் பள்ளமுமான மண் தடத்தில் நடக்கும் பைக் பந்தயம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990ல் தொடங்கப்பட்ட பந்தயத் தடம் தார் போட்டது. மோட்டோகிராஸுக்குத் தாரே கூடாது. மண்ணைக் குவித்து மேடு கட்டி, அதன் மீதிருந்து பைக்கோடு தாவுவார்கள். 2024ம் ஆண்டு டக்கார் ராலியில் ராலி 2 பிரிவில் முதலிடம் பெற்ற ஹரித் நோவாவும் இத்தகைய மண் தடத்தில் சூப்பர்கிராஸ் ஓட்டி வளர்ந்தவர்தான்.

என் சித்தப்பா மகனுக்கு இதில் ஆர்வம் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு செம்மண் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி எடுக்கிறான். அவனைப் படம் எடுக்கப் போய் நான் கற்றுக் கொண்டவற்றையே இங்கு தருகிறேன்.

எங்கே நிற்பது? முதலில் பாதுகாப்பு. வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கவே கூடாது. வழுக்கும் பைக் அந்தப் பக்கம்தான் போகும். தாவும் பைக் தரையிறங்கும் இடத்திற்கு எதிரிலும் நிற்காதீர்கள். தடுப்புக்குப் பின்னால், தடத்தின் பொறுப்பாளர் காட்டும் இடத்தில் நில்லுங்கள். ஃபிளாஷைப் பயன்படுத்த வேண்டாம். ஓட்டுபவரின் கண் கூசும்.

ஷட்டர் வேகம் என்றால் என்ன? படம் பதிவாகும் போது ஒளி எவ்வளவு நேரம் உள்ளே வருகிறது என்பதே ஷட்டர் வேகம். ஒரு சிறிய கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் 15 மீட்டர் கடக்கும். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால், அதற்குள் பைக் 25 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/250 நொடி என்றால் 6 சென்டிமீட்டர். 1/1000 நொடி என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் மட்டுமே. கலங்கலுக்குக் காரணம் இதுதான். பைக் உங்களுக்குக் குறுக்காகப் போகும்போது கலங்கல் அதிகமாகவும், உங்களை நோக்கி வரும்போது குறைவாகவும் தெரியும்.

ஆகவே பைக்கை அந்தரத்தில் நிறுத்திக் காட்ட வேண்டுமானால் 1/1000 அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். கேமராவில் எஸ் அல்லது டிவி என்று குறிக்கப்பட்ட நிலைக்குச் சென்று இதை அமைக்கலாம். பல மொபைல் போன்களில் ப்ரோ என்ற நிலையில் இந்த வசதி உள்ளது. ஐ.எஸ்.ஓ. அளவை ஆட்டோவில் விட்டுவிடலாம். தொடர்ந்து பல படங்கள் எடுக்கும் பர்ஸ்ட் வசதியையும் இயக்கிக் கொள்ளுங்கள்.

வேகம் தெரியும்படி எடுப்பது எப்படி? 1/1000ல் எடுத்த படத்தில் சக்கரக் கம்பிகளும் ஏறக்குறைய நின்றுவிடும். பைக் நிறுத்தி வைத்தது போல் இருக்கும். வேகம் தெரிய வேண்டுமானால் ஷட்டரை 1/125ல் வைத்து, பைக் வரும்போதே கேமராவை அதனுடன் சேர்த்துத் திருப்பிக்கொண்டே எடுங்கள். பட்டனை அழுத்திய பின்னும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. ஓட்டுபவர் தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் கிடைக்கும். இதற்கு பேனிங் என்று பெயர். முதல் நாளில் 50 படம் எடுத்தால் இரண்டோ மூன்றோ தேறும். கை பழகியதும் 1/60க்கு இறங்கிப் பாருங்கள்.

படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது: மெமரி கார்டை ரீடரில் செருகி, விண்டோஸ் கீயுடன் இ கீயை அழுத்தினால் பைல் எக்ஸ்புளோரர் திறக்கும். பிக்சர்ஸ் பகுதியில் அன்றைய தேதியில் ஒரு போல்டர் உருவாக்குங்கள். கார்டில் உள்ள படங்களை கண்ட்ரோல் + ஏ மூலம் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + சி கொடுத்து, புதிய போல்டரில் கண்ட்ரோல் + வி கொடுக்கவும். கண்ட்ரோல் + எக்ஸ் வேண்டாம். காப்பி ஆனதும் இரண்டு இடங்களிலும் பைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக உள்ளதா என்று பாருங்கள். சில படங்களைத் திறந்தும் பாருங்கள். ஒரு முறை நான் இதைச் செய்யாமல் கார்டை அழித்துவிட்டேன். முப்பது படங்களுக்கு மேல் பாதி சாம்பல் நிறமாகத் திறந்தன.

இப்படி நேர்ந்தால் அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் பதியாதீர்கள். அழித்த படங்கள், அவற்றின் இடத்தில் வேறு பைல் எழுதப்படும் வரை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். போட்டோரெக் என்ற இலவச புரோகிராம் மூலம் பலவற்றை மீட்கலாம்.

பைலுக்குள் இருக்கும் குறிப்பு: இப்போது பாடத்துக்கு வருவோம். ஒரு படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் ப்ராப்பர்டீஸ் தேர்ந்தெடுக்கவும். அதில் டீடெய்ல்ஸ் என்ற டேபைக் கிளிக் செய்திடவும். படம் எடுத்த தேதி, நேரம், எக்ஸ்போஷர் டைம் என்ற பெயரில் ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. அளவு எல்லாம் வரிசையாகத் தெரியும். எக்ஸிப் எனப்படும் இந்தக் குறிப்பு முறை ஜப்பானில் 1995ல் வெளியிடப்பட்டது.

நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. போல்டரில் வியூ மெனு சென்று டீடெய்ல்ஸ் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள நெட்டு வரிசைத் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, மோர் என்பதில் கிளிக் செய்திடவும். வரும் பட்டியலில் எக்ஸ்போஷர் டைம் என்பதில் டிக் அடித்து ஓகே கொடுங்கள். அந்தத் தலைப்பில் கிளிக் செய்தால் படங்கள் ஷட்டர் வேகப்படி அடுக்கப்படும். எந்த வேகத்தில் எத்தனை தேறின என்பது பளிச்சென்று தெரியும். உங்கள் கைக்கும் கேமராவுக்கும் ஏற்ற வேகத்தை இந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிய படத்தில் இந்தக் குறிப்பு இருக்காது, அளவும் சுருங்கிவிடும். கேபிள் அல்லது கார்டு வழியாகவே மாற்றுங்கள்.

பெரிதாக்கிப் பார்த்தால்: படத்தைத் திறந்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகும். ஹெல்மெட் தெளிவாக உள்ளதா என்று இப்படித்தான் சோதிக்க வேண்டும். அன்று மாலை அப்படிச் சோதித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி மேட்டிலிருந்து தாவும் படம். 1/1250 நொடி. நான் எடுத்ததிலேயே தெளிவான படம் அது. அதில் தாடைக்குக் கீழே ஹெல்மெட்டின் பட்டை மாட்டப்படாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவனைக் கேட்டேன். "மாட்டினேனே அண்ணா" என்றான். படங்களை நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தோம். 3.20 வரை எடுத்த படங்களில் பட்டை சரியாக இருந்தது. இடையில் தண்ணீர் குடிக்க ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கிறான். 3.42 முதல் 4.05 வரை எடுத்த எல்லாப் படங்களிலும் பட்டை தொங்கியது. 23 நிமிடம் அப்படியே தாவித் தாவி ஓட்டியிருக்கிறான். தடத்தின் ஓரத்தில் நின்ற என் கண்ணுக்கும் அது தெரியவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்பாகிட்ட நானே சொல்றேன்" என்றான். இப்போது ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் பக்கத்தில் இருப்பவரிடம் பட்டையைக் காட்டிவிட்டுத்தான் கிளம்புகிறான்.

எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது? படம் இருட்டாக இருந்தால் விண்டோஸ் போட்டோஸ் புரோகிராமில் எடிட் சென்று வெளிச்சத்தைக் கூட்டலாம். கோணலை நிமிர்த்தலாம். ஓரங்களை வெட்டலாம். முடித்த பின் சேவ் அஸ் காப்பி கொடுத்தால் மூலப் படம் அப்படியே இருக்கும். ஆனால் 25 சென்டிமீட்டர் நகர்ந்து கலங்கிய முகத்தை எந்த எடிட்டிங்கும் உள்ளபடி மீட்டுத் தராது. கணிசமாகத் திருத்தித் தருவதாகச் சொல்லும் இன்றைய செயற்கை நுண்ணறிவு புரோகிராம்களும் இல்லாத விபரத்தைத் தாமாக வரைந்து நிரப்புகின்றன. தொங்கிய பட்டையை அவை மாட்டியது போலக்கூட வரைந்துவிடலாம்! எனவே எடுக்கும்போதே சரியாக எடுப்பதுதான் வழி.

எங்கே பழகுவது? மண் தடம் எல்லா ஊரிலும் இருக்காது. எனக்கு மாமல்லபுரம் கடற்கரை கைகொடுத்தது. அங்கு அலைச்சறுக்கு வீரர்கள் அடிக்கடி பயிற்சி செய்வார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் அங்குதான் நடந்தது. இந்தியாவின் ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வென்றார். அலை மீது குறுக்காகச் செல்பவரைக் கேமராவால் பின்தொடர்வது பேனிங்குக்கு நல்ல பயிற்சி. வெள்ளை நுரையும் வெளிறிய வானமும் கேமராவை ஏமாற்றி ஆளை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷர் அளவை +1 வைத்துக்கொள்ளுங்கள். தாவும் பைக்கைக் கீழிருந்து வானப் பின்னணியில் எடுக்கும்போதும் இதே அளவு உதவும். செம்மண் புழுதியிலும் உப்புக் காற்றிலும் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள்.

அருகில் கடலும் இல்லையா? தெருவில் சைக்கிள் ஓட்டும் பையனை 1/1000, 1/250, 1/60 என்று மூன்று வேகங்களில் பத்துப் பத்துப் படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் எக்ஸ்போஷர் டைம்படி அடுக்கிப் பாருங்கள். முதல் பாடம் முடிந்தது.