கம்பியில்லாத் தோழமை

கடலூரிலிருந்து விருத்தாசலம் நோக்கிச் செல்லும் பெருவழியில் குள்ளஞ்சாவடி என்னும் ஊர் உள்ளது. செம்மண் நிலமும், முந்திரித் தோப்பும், பலா மரங்களும் சூழ்ந்த பகுதி அது. அவ்வழியே மேலும் சென்றால் குறிஞ்சிப்பாடியும் வடலூரும், அவற்றுக்கு அப்பால் நெய்வேலியும் வரும். நெய்வேலி, பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்னாற்றல் பிறக்கும் நகரம். அங்கு 1962ஆம் ஆண்டு முதல் உண்டாகும் மின்சாரம் தொலைவிலுள்ள பல ஊர்களில் விளக்கேற்றி வருகிறது.

2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் காலை, 'தானே' என்னும் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பல தலைமுறையாக நின்ற பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் அழிந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன. மின்சாரம் பிறக்கும் இடத்துக்கு அண்மையில் இருந்த சிற்றூர்களும் பல நாள் இருளில் கிடந்தன. நிலையம் இருந்தது, அதிலிருந்து ஆற்றலைக் கொண்டுவரும் கம்பியே அறுந்து கிடந்தது.

செய்திக்கும் இத்தகைய இடர் நேர்வதுண்டு. தொலைபேசி நம் கையில் இருக்கலாம். ஆயினும் அது கோபுரத்தையும், அக்கோபுரம் மின்சாரத்தையும் நம்பியுள்ளது. இடையில் ஒரு கண்ணி அறுந்தால் கையிலுள்ள கருவி ஊமையாகிவிடும். அந்நேரத்தில் மருத்துவரை அழைப்பது எங்ஙனம்? மருந்தும் உணவும் எந்த ஊருக்கு வேண்டும் என்று உணர்த்துவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தரும் கலை ஒன்று உண்டு. வியப்பு யாதெனின், அது பொழுதுபோக்காகப் பயிலப்படும் கலையாகும். அதுவே 'ஹாம்' வானொலி எனவும் வழங்கும் அமெச்சூர் வானொலி.

ஊதியம் கருதாது, விருப்பம் ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒரு கலையில் ஈடுபடுபவரை 'அமெச்சூர்' என்பர். அமெச்சூர் வானொலியர் தம் வீட்டிலேயே சிறு வானொலி நிலையம் ஒன்றை அமைத்துக்கொள்வர்; அரசு ஒதுக்கிய அலைவரிசைகளில், உலகெங்குமுள்ள தம்மையொத்தவரோடு உரையாடுவர். இடையில் கம்பி இல்லை, கோபுரம் இல்லை, வேறொருவர் நடத்தும் நிலையமும் தேவையில்லை. ஒருவர் கருவியிலிருந்து புறப்படும் அலை நேரே மற்றவர் கருவியை அடைகிறது.

இவ்வளவு சிறிய கருவியின் அலை கடல் கடந்து செல்வது எவ்வாறு என்று கேட்கலாம். வானொலி அலை, ஒளியைப் போலவே நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் விரைவில் செல்வது. பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும் இயல்புடையது. உலகமோ உருண்டை. ஆகவே நேரே செல்லும் அலை வானத்தில் சென்று மறைய வேண்டும். ஆனால் நிலத்துக்கு மேலே, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சில நூறு கிலோமீட்டர் உயரம் வரை, அயனி மண்டலம் என்னும் பகுதி உள்ளது. கதிரவனின் கதிர்களால் அங்குள்ள காற்றணுக்கள் மின்னேற்றம் பெறுகின்றன. சிற்றலைகள் அம்மண்டலத்தை அடைந்ததும் வளைந்து மீண்டும் நிலத்தை நோக்கித் திரும்புகின்றன. சுவரில் எறிந்த பந்து திரும்புவது போல வானத்தை எட்டி மண்ணுக்கு மீளும் அவ்வலைகள், பல ஆயிரம் கிலோமீட்டரைக் கடந்துவிடுகின்றன.

சிற்றலையின் இவ்வாற்றலை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியவர்களுள் அமெச்சூர் வானொலியர் முதன்மையானவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெடிய அலைகளே தொலைவுக்குச் செல்லும் என்று வல்லுநர் எண்ணினர். 1912ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைகளில் ஒதுக்கியது. அவை பயனற்றவை என்பது அக்காலக் கருத்து. ஒதுக்கப்பட்டவர்கள் சோர்ந்துவிடவில்லை; தமக்குக் கிடைத்ததைக் கொண்டே ஆராயத் தொடங்கினர். 1923ஆம் ஆண்டு நவம்பரில், ஏறத்தாழ 100 மீட்டர் அலையில், பிரான்சு நாட்டு அமெச்சூர் ஒருவரும் அமெரிக்க அமெச்சூர் ஒருவரும் அட்லாந்திக் மாகடலுக்கு இருபுறமும் அமர்ந்து செய்தி பரிமாறிக்கொண்டனர். வேண்டாவென்று தள்ளப்பட்ட நிலத்திலே பொன் விளைந்தது.

அடுத்த ஆண்டில் அதனினும் பெரிய வியப்பு நிகழ்ந்தது. 1924ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், நியூசிலாந்து நாட்டில் ஆட்டுப் பண்ணை நடத்திய பிராங்க் பெல் என்பவர் அனுப்பிய குறிகள் இலண்டனில் கேட்டன. இலண்டனிலிருந்து மறுமொழியும் சென்றது. உலகின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு நடந்த அவ்வுரையாடலில் இலண்டனில் அமர்ந்திருந்தவர் முதிர்ந்த அறிவியலறிஞர் அல்லர். செசில் கோய்டர் என்னும் 18 வயது இளைஞர். மில்ஹில் என்னும் பள்ளியில் மாணவர் அமைத்திருந்த நிலையமே அவருடைய ஆய்வுக்கூடம். இவ்விளைஞரின் பிற்கால வாழ்வு நம் நாட்டோடு தொடர்புடையது. 1936ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக அமர்ந்தவர் இவரே. நம் நாட்டின் பெருநகரங்களில் வானொலி நிலையங்கள் எழுந்தபோது அப்பணியை முன்னின்று நடத்தினார். பள்ளி நாளில் விளையாட்டாகப் பயின்ற கலை, பரந்ததொரு நாட்டுக்குப் பணியாற்றும் தகுதியை அவருக்குத் தந்தது.

அதே 1924ஆம் ஆண்டில் சென்னையிலும் ஒரு முயற்சி அரும்பியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்னும் அன்பர் ஒத்த விருப்பமுடையோரைக் கூட்டிச் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தோற்றுவித்தார். 40 வாட் ஆற்றலுடைய சிறு கருவியைக் கொண்டு அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் அக்கழகம் ஒலிபரப்பத் தொடங்கியது. 40 வாட் என்பது ஒரு பழைய குண்டு விளக்கு எரியும் ஆற்றலே. ஆயினும் அதன் வாயிலாகச் சென்னை மக்கள் இசையும் சொற்பொழிவும் கேட்டனர். பொருள் முட்டுப்பாட்டினால் 1927ஆம் ஆண்டில் கழகத்தின் ஒலிபரப்பு நின்றது. எனினும் அம்முயற்சி வீண்போகவில்லை. கழகத்தின் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930ஆம் ஆண்டில் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. 1938ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றும் வரை அப்பணி நடைபெற்றது. ஆர்வலர் சிலர் இட்ட வித்து பெருமரமாயிற்று.

பொழுதுபோக்கு, கடமையாக மாறிய நாளும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பரில், தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார் ஓர் அமெச்சூர் குழுவுடன் அந்தமானுக்குச் சென்றிருந்தார். அத்தீவுகளில் அமெச்சூர் வானொலி இயங்கப் பல ஆண்டுகளாக இசைவு இல்லாதிருந்தது. அவ்வாண்டில் அது கிடைத்திருந்தது. உலக அமெச்சூர்களுக்கு அந்தமானோடு உரையாடுவது கிடைத்தற்கரிய பேறு. ஆதலின், அந்நாளில் போர்ட் பிளேர் என வழங்கிய நகரிலிருந்து, அவர் நாள்தோறும் பன்னாட்டாரோடு பேசி மகிழ்ந்துகொண்டிருந்தார். டிசம்பர் 26ஆம் நாள் காலை நிலம் நடுங்கியது; கடல் பொங்கிக் கரைமேல் பாய்ந்தது. நம் கடலூர் மாவட்டக் கடற்கரையிலும் அவ்வாழிப் பேரலை அறுநூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது.

தீவுகளில் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. உறவினர் உயிரோடு உள்ளனரா என்று அறிய வழியின்றித் தாயகத்தில் எண்ணற்றோர் கலங்கினர். அவ்வேளையில் அம்மையாரின் நிலையம் வேடிக்கைப் பேச்சை விடுத்து உயிர்காக்கும் பணியை மேற்கொண்டது. "இன்னார் நலமாக உள்ளார்", "இங்கு இன்ன பொருள் வேண்டும்" என்னும் செய்திகள் வான்வழியே தாயகம் சென்றன. ஆங்காங்கே இருந்த அமெச்சூர்கள் அவற்றை ஏற்று உரியவரிடம் சேர்த்தனர். குழுவினர் வானொலிக் கருவியோடு கார் நிக்கோபார்த் தீவுக்கும் சென்று தொண்டாற்றினர். இலங்கையிலும் அமெச்சூர்கள் அழிவுற்ற அம்பாந்தோட்டைப் பகுதியைச் சிற்றலை வாயிலாகக் கொழும்பு நகரோடு இணைத்தனர். அவர்கள் பயன்படுத்திய கருவி மோட்டார் வண்டியின் மின்கலத்தாலும் இயங்கவல்லது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பேரிடர் வந்த பின்னர் இக்கலையைக் கற்கத் தொடங்கினால் பயன் இல்லை. இரைச்சலுக்கிடையே மெல்லிய குரலைப் பிரித்தறியும் செவியும், சில சொற்களில் செய்தியைப் பிழையின்றிச் சொல்லும் நாவும், பழுதைக் கண்டு திருத்தும் கையும் ஒரு நாளில் அமைவன அல்ல. அமைதியான மாலைப் பொழுதுகளில் விளையாட்டாகப் பயின்ற பயிற்சியே அவ்விடுக்கண் நாளில் கைகொடுத்தது. நீச்சலை வெள்ளம் வருமுன் கற்க வேண்டுமன்றோ?

இக்கலையைப் பயில விரும்புவோர்க்கு முதற்படி கேட்டல். சிற்றலை வானொலி ஒன்றை இரவில் திருப்பினால், தொலைநாட்டுக் குரல்கள் எழுவதும் தாழ்வதுமாய்க் காதில் விழும். எந்த நேரத்தில் எந்த அலை நன்கு கேட்கிறது என்று குறித்து வைத்தால், அயனி மண்டலம் பகலிலும் இரவிலும் மாறுபடும் இயல்பு தானே விளங்கும். இரண்டாம் படி, மின்னியலின் அடிப்படைகளையும் வானொலிச் சட்டங்களையும் கற்றல். நம் நாட்டில் 1978ஆம் ஆண்டின் விதிகள் அமெச்சூர் பணிக்கென வகுக்கப்பட்டன. நடுவணரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரே அலை செலுத்தலாம். உரிமம் பெற்ற நிலையம் ஒவ்வொன்றுக்கும் தனியான அழைப்புக்குறி உண்டு. இந்திய நிலையங்களின் குறி 'வி.யூ.' என்னும் எழுத்துகளில் தொடங்கும். அதைக் கேட்ட அளவிலே, பேசுபவர் நம் நாட்டவர் என்பதை உலகம் அறிந்துகொள்ளும்.

தேர்வு எழுதாமலே பயன்படுத்தத்தக்க வானொலியும் ஒன்று உண்டு. அதனைக் குடிமக்கள் அலைவரிசை என்றும், சி.பி. வானொலி என்றும் கூறுவர். அமெரிக்க நாட்டில் சரக்குந்து ஓட்டுநர் தமக்குள் பேசிக்கொள்ள இதனைப் பெரிதும் கையாண்டனர். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டில், 27 மெகா ஹெர்ட்சை ஒட்டிய அவ்வரிசை, 5 வாட் ஆற்றலுக்கு உட்பட்ட கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்களிக்கப்பட்டது. அது பொதுவாகச் சில கிலோமீட்டர் தொலைவுக்கே பயன்படும். கருவிகளைத் தாமே அமைத்து ஆராய விழைவோர்க்கு அமெச்சூர் வானொலியே ஏற்றது.

அமெச்சூர் நிலையத்துக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. எடுத்துக்காட்டாக, 7 மெகா ஹெர்ட்சு அலையின் நீளம் ஏறத்தாழ 43 மீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 20 மீட்டர் அளவுள்ள செப்புக் கம்பியை நடுவில் பிரித்து, இரு மரங்களுக்கிடையே கட்டினால் வான்கம்பி ஆயத்தமாகும். குள்ளஞ்சாவடித் தோப்புகளில் அதற்கேற்ற மரங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் மின்கம்பிகளுக்கு அருகில் அதனைக் கட்டுதல் ஆகாது. இடியும் மின்னலும் உள்ள வேளையில் கருவியைத் தொடுதலும் ஆகாது. நல்ல வான்கம்பி அமைந்தால், 5 வாட் ஆற்றலில் அனுப்பும் மோர்சுக் குறி கடல் கடந்து கேட்பதும் உண்டு.

இன்று இக்கலை விண்வெளியையும் எட்டியுள்ளது. 2005ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், அமெச்சூர்களுக்கென்றே 'ஹாம்சாட்' என்னும் 42.5 கிலோகிராம் எடையுள்ள செயற்கைக்கோளை நம் நாடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் செலுத்தியது. அதில் இருந்த இரு அஞ்சல் கருவிகளுள் ஒன்றை இந்திய அமெச்சூர்களும், மற்றொன்றை நெதர்லாந்து நாட்டு மாணவர் ஒருவரும் உருவாக்கினர். 2025ஆம் ஆண்டு ஜூலையில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த இந்திய வீரர் சுபான்சு சுக்லா, அமெச்சூர் வானொலி வாயிலாகவே நம் நாட்டு மாணவரோடு உரையாடினார்.

இக்கலை கற்பிக்கும் பண்புகள் அதன் பயனினும் உயர்ந்தவை. அமெச்சூர் ஒருவர் தம் அலையில் வாணிகம் பேசுதல் கூடாது. பொருள் பெறுதல் கூடாது. மறைபொருள் மொழியைக் கையாளுதல் கூடாது. பேசத் தொடங்குமுன் அவ்வலையில் வேறொருவர் பேசுகிறாரா என்று செவிமடுத்தல் வேண்டும். ஒவ்வோர் உரையாடலையும் நாளும் நேரமும் குறித்துப் பதிவு செய்தல் வேண்டும். இடருற்றவர் குரல் கேட்டால் மற்றெல்லாப் பேச்சும் அடங்கி, அக்குரலுக்கு வழிவிடுதல் வேண்டும். பிரியும்போது '73' என்று கூறுவது அவர்தம் வழக்கம். 'நல்வாழ்த்துகள்' என்பது அவ்வெண்ணின் பொருள். மொழி அறியாதவரும் அதனை அறிவர்.

தானே புயலில் வீழ்ந்த தோப்புகளில் மக்கள் மீண்டும் முந்திரியும் பலாவும் நட்டனர். கடலை அடுத்த நாட்டில் புயல் இனி வாராது என்று எவரும் உறுதி கூற இயலாது. கம்பங்களை வலிமையாக நடுவது அரசின் கடன். கம்பம் வீழ்ந்த நாளிலும் ஊரின் குரல் வெளியே கேட்கும்படி செய்வது, ஊருக்கு ஒருவரேனும் கற்றுவைக்கத்தக்க கலை. பள்ளி மாணவர் ஒருவர் ஓய்வு நேரத்தில் அதனைக் கற்கத் தொடங்கலாம். தமக்கு மகிழ்ச்சியும், தம் ஊருக்கு அரணும் ஆகும் பொழுதுபோக்கு எளிதில் வாய்ப்பதன்று. வாய்த்ததைக் கைக்கொள்ளுதல் அறிவுடைமையாகும்.