தாவரப் பொருளும் நுரையீரல் புற்றுநோயும்

தாவரச் சாறு ஒன்று ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் உயிரணுக்களை அழித்தது என்ற செய்தி வந்தவுடன் மருந்து கிடைத்துவிட்டதாகப் பலர் கருதிவிடுகின்றனர். சோதனைக்கும் மருந்துக்கும் இடையேயுள்ள தொலைவைக் காம்ப்டோதெசின் என்ற பொருளின் வரலாறு நன்கு விளக்குகிறது.

1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மன்ரோ வால், மன்சுக் வாணி ஆகியோர் சீன மரம் ஒன்றிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தனர். நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டிஸ் மரத்திலும் இது உண்டென 1972-இல் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் கண்டறிந்தனர்.

சோதனை முறை

இத்தகைய பொருள்களைச் சோதிக்க, நுரையீரல் கட்டியிலிருந்து பெற்று வளர்க்கப்பட்டுவரும் ஏ-549 போன்ற உயிரணு வகைகள் பயன்படுகின்றன. 96 குழிகள் கொண்ட தட்டில், 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அவற்றை வளர்த்து, பொருளைப் பல்வேறு அடர்த்திகளில் சேர்ப்பர். பின்னர் மஞ்சள் நிற உப்பு ஒன்றை இடுவர். உயிருள்ள அணுக்கள் அதனை ஊதா நிறமாக்கும். நிறத்தின் செறிவே பிழைத்த அணுக்களின் அளவைக் காட்டும். கரைப்பான் மட்டும் இட்ட குழிகளோடு ஒப்பிட்டு, வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் அடர்த்தி கணக்கிடப்படுகிறது. நலமான அணுக்களிலும் இதே சோதனை நடைபெற வேண்டும். எல்லா அணுக்களையும் ஒருசேர அழிப்பது நஞ்சேயன்றி மருந்தன்று.

நீண்ட பாதை

டி.என்.ஏ. இழையின் முறுக்கைத் தளர்த்தும் நொதி ஒன்று, இழையை வெட்டி மீண்டும் ஒட்டுகிறது. காம்ப்டோதெசின் ஒட்டவிடாமல் தடுப்பதால் பெருகும் அணு மடிகிறது. ஆயினும் இதன் சோடியம் உப்பைக் கொண்டு நோயாளிகளிடம் தொடங்கிய சோதனைகள், கடும் பக்க விளைவுகளால் 1970-களில் கைவிடப்பட்டன. மூலக்கூறை மாற்றியமைத்து உருவாக்கிய டோபோடெகன், சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்க்கு 1998-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏ-549 இவ்வகையைச் சேர்ந்ததன்று என்பது கருதத்தக்கது. ஓர் உயிரணு வகையில் கண்ட முடிவு நுரையீரல் புற்றுநோய் அனைத்திற்கும் பொருந்தாது.

பெங்களூரின் பங்கு

மருந்துக்காக மரங்களை வெட்டுவதால் காட்டு வளம் குன்றுகிறது. பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல இடங்களின் மரங்களை ஆராய்ந்து, மரத்துக்கு மரம் காம்ப்டோதெசின் அளவு பெரிதும் மாறுபடுவதைக் கண்டனர். மிகுதியாகத் தரும் மரங்களைத் தேர்ந்து பயிரிட இது வழிகாட்டுகிறது. மரத்தினுள் வாழும் பூஞ்சைகளும் இப்பொருளை உண்டாக்குவது தெரியவந்தது. எனினும் அவற்றை மீண்டும் மீண்டும் வளர்க்கும்போது உற்பத்தி குறைந்துவிடுகிறது. ஆகவே காட்டைக் காக்கும் பொறுப்பு இன்னும் நீங்கவில்லை.

ஆய்வுக்கூட முடிவு ஒரு தொடக்கமே. அதனை முடிவாக எண்ணி நோயாளி உரிய சிகிச்சையைக் கைவிட்டால் உயிருக்கே இழப்பு நேரும். எந்த உயிரணுவில், எந்த அளவில், எதனோடு ஒப்பிட்டு என்ற மூன்று வினாக்களையும் மாணவரும் அலுவலரும் முதலில் எழுப்புதல் வேண்டும்.