கீழாநெல்லியும் கல்லீரலும்

தேக்கா சந்தையில் கீழாநெல்லிக் கட்டைக் காணும்போதெல்லாம் என் பெரியப்பா நினைவுக்கு வருவார். மூட்டுவலிக்காக அளவுக்கு மீறிப் பாராசிட்டமால் மாத்திரை விழுங்குவார். கேட்டால், "கீழாநெல்லியை அரைத்து மோரில் குடிக்கிறேனே, ஈரலுக்கு ஒன்றும் ஆகாது" என்பார். மஞ்சள் காமாலைக்கு அம்மூலிகையைக் கொடுத்த பாட்டிமார் வழிவந்த நம்பிக்கை அது. அதில் உண்மை எவ்வளவு என்றறிய நானும் படிக்கத் தொடங்கினேன்.

பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. அதை முறிக்கக் குளுட்டாதயோன் என்ற பொருள் அங்கேயே இருக்கிறது. அளவு மீறினால் அந்தக் கையிருப்பு தீர்ந்து, நஞ்சு கல்லீரல் அணுக்களை அழிக்கிறது.

மூலிகை இதைத் தடுக்குமா என்று சோதிக்க எலிகளைப் பிரிவுகளாகப் பிரிப்பர். ஒரு பிரிவுக்குத் தண்ணீர் மட்டும். ஒன்றுக்கு மிகையான பாராசிட்டமால். மற்றொன்றுக்கு மூலிகைச் சாற்றோடு அதே மருந்து. பிறகு இரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் நொதிகளை அளப்பர். கல்லீரல் அணுக்கள் சிதைந்தால் இவை இரத்தத்தில் கசிந்து கூடும். 2006இல் தாய்லாந்தில் வெளியான இத்தகைய ஆய்வில், கீழாநெல்லிச் சாறு பெற்ற எலிகளுக்குக் கேடு குறைந்திருந்தது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் எலிக்கு அளந்து கொடுத்த சாறு வேறு, நாம் கைப்பிடியளவு அரைப்பது வேறு. மனிதரிடம், அதுவும் பலமுறை, சோதித்தாக வேண்டும். வேறொரு ஈரல் நோயில் இது விளங்கிற்று. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் முதலியோர், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்த ஆய்வை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெற்றுக் குளிகை உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. பின்னர் பிற இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை.

பெரியப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மோர் குடித்தும் நொதிகள் கூடியிருந்தன. மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் அவை இறங்கின. மூலிகை குடிப்பதை அன்றுதான் அவர் மருத்துவரிடம் முதன்முறையாகச் சொன்னார்.

மூலிகையைப் பழிக்க இதை எழுதவில்லை. முன்னோர் தந்த செல்வத்தை மதிப்பது என்றால் அதைச் சோதித்து அறிவதும் அதில் அடங்கும். வயது வந்தோர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல், பாராசிட்டமால் உட்கொள்ளலாகாது. சிலருக்கு அதுவும் அதிகம். அன்பர்களே, வீட்டில் குடிக்கும் மூலிகை எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இறையருளால் அனைவரும் நோயற்ற வாழ்வு பெறுவோமாக.