ஆர் மொழியில் வரிசையோடு வரிசையைக் கூட்டலாம்

வீட்டுக் கணக்குப் போட எக்ஸெல் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். போதும்தான். ஆனால் புள்ளிவிவரக் கணக்குகளுக்கென்றே ஆர் என்று ஒரு மொழி இருக்கிறது. இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. இதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. ஒரு வரிசை எண்களை ஒரே எண் போலக் கையாளலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. அந்த வரிசைக்கு வெக்டார் என்று பெயர்.

ஆர் புரோகிராமைத் திறந்தால் > என்ற அடையாளம் தெரியும். அதன் எதிரே டைப் செய்து என்டர் கீயைத் தட்டுங்கள். கீழே ஏ, பி, சி, சம், லெங்த் என்று நான் தந்திருப்பவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். பெரிய எழுத்தை இது வேறாக எடுத்துக்கொள்ளும்.

மூன்று பொருட்களின் கிலோ விலையையும் வாங்கிய கிலோவையும் தருவோம்.

ஏ = சி(60, 45, 120)
பி = சி(5, 2, 1)
ஏ * பி

திரையில் [1] 300 90 120 என்று வரும். முதல் விலை முதல் அளவோடும், இரண்டாவது இரண்டாவதோடும் பெருக்கப்பட்டுவிட்டது. [1] என்பது விடை அல்ல. அந்த வரி எத்தனையாவது எண்ணில் தொடங்குகிறது என்ற குறிப்பு. மொத்த பில் வேண்டுமா? சம்(ஏ * பி) கொடுங்கள், 510 வரும்.

எல்லா விலையும் 5 ரூபாய் ஏறிவிட்டதா? ஏ + 5 போதும். 65 50 125 கிடைக்கும். ஒரே ஒரு 5 எப்படி மூன்றோடும் கூடியது? வரிசை குட்டையாக இருந்தால், ஆர் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இதை ரீசைக்கிளிங் என்கிறார்கள். வசதிதான், ஆனால் இங்கேதான் கவனம் தேவை. இதை டைப் செய்து பாருங்கள்.

சி(1, 2, 3, 4, 5, 6) + சி(10, 20)

11 22 13 24 15 26 என்று விடை வரும். 10, 20 இரண்டும் மூன்று முறை பயன்பட்டிருக்கின்றன. எந்த எச்சரிக்கையும் வராது.

இப்போது ஏ-யில் 12 மாத மளிகைச் செலவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் கட்டணம் கட்டும் வீடு என்றால் பி-யில் 6 எண்கள்தான் இருக்கும். ஏ + பி கொடுத்தால் முதல் கட்டணம் ஜனவரியிலும் சேரும், ஜூலையிலும் சேரும். வருட மொத்தத்தில் மின்சாரச் செலவு இரண்டு மடங்காகிவிடும். பார்த்தால் சரியான கணக்கு போலவே இருக்கும்!

ஒரு கட்டணத்தை விட்டுவிட்டு 5 எண்கள் தந்தால் மட்டும், நீள வரிசை குட்டை வரிசையின் மடங்கு அல்ல என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை வரும். அப்போதும் ஒரு விடையைத் தந்துவிடும் என்பது வேறு விஷயம். 12 என்பது 2, 3, 4, 6 எல்லாவற்றாலும் வகுபடும் எண். அதனால் மாதக் கணக்கில் தவறு சத்தமில்லாமல் நுழைய வழி அதிகம்.

கட்டணம் இல்லாத மாதங்களுக்கு 0 போட்டு, பி-யையும் 12 எண்களாக்கிவிடுங்கள். பிறகு இதைக் கொடுங்கள்.

லெங்த்(ஏ) == லெங்த்(பி)

நடுவில் இரண்டு சமக்குறிகள் வேண்டும். ட்ரூ என்று வந்தால் கூட்டலாம். ஃபால்ஸ் என்று வந்தால் எந்த மாதம் விடுபட்டது என்று முதலில் பாருங்கள்.