ஆற்றங்கரையில் கூடாரம் போடப் போகிறீர்களா?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஹியூரான்–மானிஸ்டீ தேசிய வனம் ஏறக்குறைய 10 லட்சம் ஏக்கர். அதற்குள் ஓடும் ஆ சாபிள், மானிஸ்டீ, பைன் ஆறுகளின் பக்கத்தில் ‘ரஸ்டிக்’ வகை முகாம்கள் உண்டு. கரண்ட் கிடையாது, குளியலறை கிடையாது. ஒரு மேஜை, இரும்பு வளையம் வைத்த நெருப்புக்குழி, குழிக் கழிப்பறை, பல இடங்களில் ஓர் அடிபம்பு. அவ்வளவுதான். குடும்பத்தோடு ஓரிரு ராத்திரி தங்கக் கிளம்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. இடம் பிடிக்கும்போதே அங்கே தண்ணீர் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் கேனில் எடுத்துப்போக வேண்டும். முன்பதிவு இல்லாத முகாம்களில் கட்டணத்தை உறையில் வைத்துப் பெட்டியில் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது, சில்லறை கையில் இருக்கட்டும். வீட்டில் 62 வயது நிரம்பியவர் இருந்தால் மூத்தோர் பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான முகாம்களில் பாதிக் கட்டணம்தான். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குக் கிடைக்காது.

2. டென்ட் போடும் முன் அண்ணாந்து பாருங்கள். ஆஷ் மரங்களை அரிக்கும் பச்சை வண்டு 2002-இல் டெட்ராய்ட் அருகேதான் கண்டுபிடிக்கப்பட்டது. அது தின்று காய்ந்துபோன மரங்கள் எந்தக் காற்றிலும் சாயலாம். பட்ட மரத்துக்கும் தொங்கும் கிளைக்கும் அடியில் படுக்க வேண்டாம். பள்ளமான இடமும் வேண்டாம். குளிர்காற்று ராத்திரியில் அங்கேதான் தேங்கும், விடிவதற்குள் போர்வை ஈரமாகிவிடும்.

3. இந்தப் பக்கத்து மண் பெரும்பாலும் மணல். டென்ட்டோடு வரும் குட்டி முளைக்கம்பிகள் ஒரு காற்றுக்கே பிடுங்கிக்கொள்ளும். நீளமானவற்றைத் தனியாக வாங்குங்கள். இல்லாவிட்டால் துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதையுங்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டைவிட நான்கு விரற்கடை உள்ளடங்கியே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் விழும் மழைத்தண்ணீர் நேராகப் படுக்கைக்கு அடியில் போய்ச் சேரும்.

4. விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். மேலே சொன்ன வண்டு ஊர் ஊராகப் பரவியதில் விறகுக் கட்டுகளுக்குப் பெரிய பங்கு. முகாமுக்குப் பக்கத்திலேயே வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள்.

5. சமையலில் பாதியை வீட்டிலேயே முடித்துவிட்டால் நிம்மதி. ரவையை வறுத்து, கடுகு, கடலைப்பருப்பு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கலந்து, ஆறவைத்துப் பையில் போடுங்கள். காட்டில் தண்ணீர் கொதித்ததும் உப்பு சேர்த்துக் கொட்டிக் கிளறினால் உப்புமா. புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் இருந்தால் மதியச் சாப்பாடும் ஆயிற்று. தோசை மாவு கொண்டுபோனால் டப்பாவில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். கார் சூட்டில் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். பிரஷர் குக்கரை விறகுத் தீயில் ஏற்றினால் கைப்பிடியும் கேஸ்கெட்டும் போச்சு, அதற்குச் சிறிய கேஸ் அடுப்புதான். மழை பெய்தாலும் எந்த அடுப்பையும் டென்ட்டுக்குள் பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

6. விறகில் வைக்கும் பாத்திரத்தின் வெளிப்பக்கம் முழுக்கப் பாத்திரம் தேய்க்கும் சோப்பை மெல்லிசாகப் பூசிவிடுங்கள். கரி ஒரே துடைப்பில் வந்துவிடும். விறகடுப்புக் காலத்தில் மண்ணைக் குழைத்துப் பூசியதும் இதற்காகத்தான்.

7. ஐஸ் கட்டி வாங்குவதைவிடக் குடிதண்ணீர் பாட்டில்களை உறையவைத்து ஐஸ் பெட்டியில் அடுக்குவது நல்லது. மெதுவாகத்தான் உருகும், உருகினால் குடிக்கலாம். ஜூஸ் வகைகளுக்கு வேறு பெட்டி வையுங்கள். பிள்ளைகள் அதைத்தான் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் திறப்பார்கள்.

8. நம் ஊர்ப் பழக்கத்தைக் கைவிட வேண்டிய இடம் இதுதான்: ஆற்றில் பாத்திரம் கழுவக் கூடாது, சோப்புப் போட்டுக் குளிக்கக் கூடாது. ‘மண்ணில் மக்கும்’ என்று எழுதிய சோப்புக்கும் விலக்கு இல்லை, அது மக்குவதற்கு மண் வேண்டும். பக்கெட்டில் மொண்டு, கரையிலிருந்து 200 அடி தள்ளி வந்து கழுவுங்கள். பெரியவர் நடையில் சுமார் 70 எட்டு. கழுவிய தண்ணீரை வடிகட்டி, பருக்கைகளைக் குப்பைப்பையில் போட்டுவிட்டு, தண்ணீரைப் பரவலாக வீசுங்கள். ஆற்றுத் தண்ணீர் பளிங்குபோல் இருந்தாலும் ஜியார்டியா இருக்கலாம், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த பிறகே குடிக்கலாம்.

9. மானிஸ்டீ ஆற்றில் அணைகள் உண்டு. அணைக்குக் கீழே தங்கினால், மழையே இல்லாமலும் தண்ணீர் ஏறலாம். செருப்பு, நாற்காலி, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளை மணல்திட்டில் விட்டு வராதீர்கள்.

10. குழிக் கழிப்பறையில் தண்ணீர் இருக்காது. ஆளுக்கொரு பாட்டில், ஒரு டார்ச், கைகழுவத் தனிச் சோப்பு என்று ஒரு பையைத் தயாராகத் தொங்கவிடுங்கள். டயப்பரையோ ஈரத் துடைப்பானையோ குழியில் போடக் கூடாது, பம்ப் வைத்து எடுக்கும்போது அடைத்துக்கொள்ளும்.

11. இங்கே கருங்கரடி உண்டு, ரக்கூன் அதைவிட அதிகம். சாப்பாட்டை மட்டுமல்ல, பற்பசை, தேங்காய் எண்ணெய், பிள்ளைகளின் மிட்டாய், தாளித்த வாசனை ஏறிய சட்டை எல்லாவற்றையும் ராத்திரி காரில் வைத்துப் பூட்டுங்கள்.

12. தீயைத் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. மண்ணை மட்டும் போட்டு மூடினால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

13. பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

14. மூன்று மூன்று இலையாக வளரும் செடி எதையும் தொடாதீர்கள், பாய்சன் ஐவியாக இருக்கலாம். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உண்ணி கடித்திருக்கிறதா என்று தினமும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு வைத்தியமெல்லாம் வேண்டாம். வீடு திரும்பியதும் போட்டிருந்த உடைகளைத் துவைப்பதற்கு முன்பே டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் சுழலவிடுங்கள், ஒட்டியிருக்கும் உண்ணி செத்துவிடும். டென்ட்டை அப்படியே சுருட்டி வைக்காமல் கராஜில் ஒரு நாள் விரித்துக் காயவிடுங்கள்.