பனிக்கு முன் புல்தரை

கேள்வி: டொரன்டோ ஸ்கார்பரோவில் வீடு வாங்கியிருக்கிறோம். வருவது எங்கள் முதல் பனிக்காலம். புல்தரையையும் தோட்டத்தையும் எப்படித் தயார் செய்வது?

பதில்: வெளியே கறிவேப்பிலைத் தொட்டி இருந்தால், முதலில் அதைக் காப்பாற்றுங்கள். இரவு வெப்பம் 10 டிகிரியை நெருங்கும்போதே அதை வீட்டுக்குள், வெயில் படும் ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். உறைபனி ஒரே இரவில் அதைக் கருக்கிவிடும்.

புல்லுக்கு அந்தப் பயம் இல்லை. அங்குள்ள புல்வகை குளிரில் உறங்கி, வசந்தத்தில் துளிர்க்கும். செப்டம்பரில் வழுக்கை விழுந்த இடங்களில் விதை தூவி, உரமிடுங்கள். கடைசி வெட்டில் இரண்டரை அங்குல உயரம் விடுங்கள். நீளமாக விட்டால் பனியடியில் சாய்ந்து பூஞ்சணம் பிடிக்கும். மேப்பிள் இலைகளைக் குவியலாக விடாதீர்கள். புல்வெட்டும் இயந்திரத்தை மேலே ஓட்டிப் பொடியாக்கினால் அதுவே உரம்.

வெளிக்குழாயை மறக்கவே கூடாது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயையே வெடிக்கச் செய்யும். ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் இருக்கும் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்தே வையுங்கள்.

பூண்டு நட அக்டோபரே சரியான மாதம். பனிக்கடியில் உறங்கி, அடுத்த ஜூலையில் அறுவடைக்கு வரும். அந்த மண்ணில் உங்கள் முதல் விளைச்சல் அதுவாகட்டும்!