போராட்டத்துக்குக் கிளம்பும் முன் போனுக்கும் ஐந்து நிமிடம்

ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு நமக்குத் தந்த உரிமை. கூட்டம் அன்றே கலைந்துவிடும். அங்கே நம்மைப் பற்றிச் சேர்ந்த பதிவுகள் கலையாது. வீட்டிலிருந்து பிள்ளைகள் கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலோடு இவற்றையும் சொல்லி அனுப்புங்கள்.

1. கையில் சில்லறை இருக்கட்டும். 2019இல் ஹாங்காங் போராட்டத்தின்போது மெட்ரோ நிலையங்களில் டிக்கெட் மெஷின் முன்னால் இளைஞர்கள் வரிசை கட்டி நின்றார்கள். எல்லோர் பையிலும் ஆக்டோபஸ் என்ற பயண கார்டு இருந்தது. தட்டினால் கதவு திறந்துவிடும். தட்டிய நேரமும் நிலையமும் பதிவாகுமே என்றுதான் காசு போட்டுச் சீட்டு வாங்கினார்கள். நம் மெட்ரோ கார்டும் அப்படித்தான். திடலுக்கு எதிர்க்கடையில் குடித்த டீக்கு ஜிபே செய்தாலும் யாருக்கு, எத்தனை மணிக்கு என்று பதிவாகிவிடும்.

2. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக முடிந்தால் நல்லது. கொண்டுபோனால் கைரேகை, முக லாக் இரண்டையும் எடுத்துவிட்டு ஆறு இலக்க எண் வையுங்கள். விரலைப் பிடித்து அழுத்த வைக்கலாம். மனதில் இருக்கும் எண்ணை அப்படி எடுக்க முடியாது.

3. லொகேஷனை அணைத்தால் மட்டும் போதாது. சிக்னல் இருக்கும்வரை எந்த டவருக்குக் கீழே போன் இருக்கிறது என்பது கம்பெனிக்குத் தெரியும். அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 முதல் இங்கே விதி. ஃப்ளைட் மோடில் போடுங்கள்.

4. படம் எடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். 2017 ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் இரவு விளக்குகள் அணைந்ததும் ஆயிரக்கணக்கான போன் டார்ச்சுகள் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள், குழந்தை வளர்க்கிறார்கள். படங்கள் மட்டும் அன்று போட்ட இடத்திலேயே இருக்கின்றன. 2020 தில்லிக் கலவரத்துக்குப் பிறகு, வீடியோவில் தெரிந்த முகங்களை வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமப் படங்களோடு மென்பொருளில் ஒப்பிட்டு 1,100க்கும் மேற்பட்டவர்களை அடையாளம் கண்டதாக உள்துறை அமைச்சரே மக்களவையில் சொன்னார். ஆகவே பின்னாலிருந்து எடுங்கள். பதாகையை, உயர்த்திய கைகளை எடுங்கள். முகத்தை மறைக்க மார்க்கர் கோடு உதவாது, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். அடர்ந்த கறுப்புக் கட்டமாக வைத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை மட்டும் அனுப்புங்கள். அசல் படத்தோடு ஒட்டியிருக்கும் இட விவரமும் இதனால் போய்விடும்.

5. மாஸ்க் போட்டாலும் சட்டை காட்டிக்கொடுக்கும். வாசகம் அச்சிட்ட டீ-ஷர்ட், எல்லோருக்கும் தெரிந்த பை, கையில் பச்சை குத்தியது எல்லாம் அடையாளம்தான். சாதாரண முழுக்கைச் சட்டை நல்லது.

6. 'ஆதரவுக்கு மிஸ்டு கால் கொடுங்கள்' என்றால் உங்கள் எண் ஒரு பட்டியலில் ஏறுகிறது. பட்டியல் யார் கையில் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

7. வக்கீல் நம்பரைப் பால்பாயிண்ட் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

8. முதல் தகவல் அறிக்கையில் 'மற்றும் பலர்' என்று போடுவது வழக்கம். அந்தப் 'பலர்' யார் என்பதை வீடியோக்கள் பின்னால் நிரப்பும். பாஸ்போர்ட் விசாரணைக்குப் போகும்போதுதான் பெயர் இருப்பதே சிலருக்குத் தெரியவரும். ஹாங்காங்கில் 2020 ஜூன் 30 அன்று புதிய பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பலர் பழைய பதிவுகளை அவசர அவசரமாக அழித்தார்கள். நாம் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். கிளம்பும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் 'மறையும் செய்திகள்' வசதியைப் போட்டுவிடுங்கள்; அது அதன்பின் வரும் செய்திகளை மட்டுமே மறைக்கும், முன்பே இருப்பவற்றை வீடு திரும்பிய இரவே நீங்களே அழித்துவிடுங்கள். நீங்கள் பகிர்ந்த படத்தில் வேறொருவர் முகம் தெரிந்தால், அவரைக் கூப்பிட்டு, வைக்கலாமா என்று கேளுங்கள். தயங்கினால் உடனே எடுத்துவிடுங்கள்.